என் பேச்சை அவன் பேசிய காலம்

தி. நகரில் ஒரு பெரிய துணிக்கடையின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், கண்ணாடி போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்து மைக்கில் பேசுவதுதான் சில வருடங்கள் என் வேலை. எந்த மாடியில் பட்டு, எந்த மாடியில் சுடிதார் என்று சொல்வது, வாசலை அடைத்து நிற்கும் கார்களின் எண்ணை வாசிப்பது, தொலைந்துபோன குழந்தைகளின் சட்டை நிறத்தைச் சொல்லிப் பெற்றோரைக் கூப்பிடுவது. ஆடித் தள்ளுபடி நாட்களில் காலையில் திறந்த வாயைக் கடை சாத்தும்வரை மூட முடியாது. கடைக்குள் அவ்வளவு இரைச்சல். மைக் இருந்தும் கத்தித்தான் பேசவேண்டும். குரல் கொஞ்சம் இறங்கினால் எங்கள் மேலாளர் வந்து கண்ணாடியைத் தட்டுவார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. "என்ன பிள்ள, தூங்குதியா? மேல ஒருத்தனுக்கும் கேக்கல" என்பார்.

மேடை ஏறியது தற்செயலாகத்தான். அடையாரில் ஒரு காபிக் கடையின் மாடியில் வியாழக்கிழமை மாலைகளில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் நகைச்சுவையாகப் பேசலாம். எங்கள் கடையில் பில் போடும் பிரிவில் இருந்த பெண் தன் பிறந்த நாளுக்கு என்னை அங்கே கூட்டிப்போனாள். வரிசையாக ஆண்கள் ஏறினார்கள். எல்லோரும் பொறியியல் கல்லூரியைப் பற்றியும் தங்களை விட்டுப்போன காதலியைப் பற்றியும் பேசினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடப்பதைச் சொன்னாலே இதைவிட நன்றாக இருக்குமே என்று தோன்றியது. அடுத்த வியாழன் தனியாகப் போய்ப் பெயர் கொடுத்தேன். மைக் பழக்கமான பொருள்தானே, பயம் இருக்காது என்று நினைத்தேன். ஏறியதும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கடை மைக்கில் பேசுகிறவளை யாரும் பார்ப்பதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆனாலும் சிரித்தார்கள். நான் தொடர்ந்து போனேன். என்னிடம் இருந்ததில் நல்லது, தொலைந்த கணவரைப் பற்றியது. ஒரு அக்கா வந்து கணவரைக் காணோம், மைக்கில் சொல்லுங்கள் என்கிறார். அடையாளம் என்ன என்று கேட்கிறேன். "பையப் புடிச்சிக்கினு சும்மா நிப்பாரு" என்கிறார். அப்படியே மைக்கில் சொல்கிறேன்: "பையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பவர் உடனே கீழ்த்தளத்துக்கு வரவும்." எல்லா மாடியிலிருந்தும் ஆண்கள் இறங்கி வந்துவிடுகிறார்கள். அந்த அக்கா வரிசையாக எல்லோரையும் பார்க்கிறார். பார்த்து முடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து பார்க்கிறார்.

ஆண்கள் இறங்கி வரும் இடத்தில் எப்போதும் சிரிப்பு வரும். கடைசி வரிக்கு வந்ததே இல்லை. அதுதான் எனக்கு மிகவும் பிடித்த வரி, அதனால் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த மாடியில்தான் அவனும் பழக்கமானான். ஆதம்பாக்கத்தில் வீடு, ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு வேலை. உயரமாக, தூக்கத்திலிருந்து எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தியதுபோல் நிற்பான். மைக்கைப் பிடித்தவுடனேயே ஜனங்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். பிறகு பேசுவான். என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியாது. அலுவலக லிஃப்டைப் பற்றி ஒன்று வைத்திருந்தான். அதையே மாதக் கணக்கில் சொன்னான். கீழே இறங்கி வந்ததும் என்னிடம், "மச்சி, நல்லாதான ஆரமிச்சேன்?" என்று கேட்பான். ஆரம்பம் நன்றாகத்தான் இருக்கும்.

அந்த வருட ஆடியில் என் குரல் கம்ம ஆரம்பித்தது. காலையில் சரியாக இருக்கும், மாலையில் உடையும். அம்மா மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் காய்ச்சித் தந்தாள். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் வீடு. முன்னறையில் தையல் மிஷின் போட்டு அம்மா ஜாக்கெட் தைக்கிறாள். அப்பா ஒரு பாத்திரக் கடையில் வேலை. ஜாக்கெட் கொடுக்க வரும் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எல்லாவற்றையும் செய்தேன். வேலைக்கும் போனேன், வியாழக்கிழமைகளில் அடையாருக்கும் போனேன்.

ஒரு சனிக்கிழமை, கடையில் நிற்க இடமில்லாத நேரம். "பச்சை நிறச் சட்டை அணிந்த" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் காற்று மட்டும்தான் வந்தது. இரண்டாவது முறை அதுவும் வரவில்லை. அண்ணாச்சி வந்து கண்ணாடியைத் தட்டினார். நான் வாயைத் திறந்து காட்டினேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து மைக்கை வாங்கினார். "யப்பா, பச்சச் சட்டப் பயலோட அம்மா அப்பா எங்க இருந்தாலும் கீழ வாங்க. பய அழுதுட்டுக் கெடக்கான்" என்றார். நான் அறிவித்தால் அரை மணி நேரம் கழித்து, பில் போட்டுவிட்டு வருவார்கள். அவருக்கு உடனே ஓடி வந்தார்கள்.

அடையாரில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அம்மா கூட்டிப்போனாள். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த அந்த அம்மையார், திரையில் படத்தைக் காட்டினார். "குரல் நாண் ரெண்டுலயும் காய் காய்ச்சிருக்கு. கையில காய்க்குமே, அது மாதிரி. என்ன வேலை பாக்குறீங்க?"

நான் ஃபோனில் தட்டிக் காட்டினேன்: பகலில் மைக்கில் பேசுவேன். சாயங்காலமும் மைக்கில் பேசுவேன்.

"ஆபரேசனா டாக்டர்?" என்றாள் அம்மா.

"இப்ப வேணாம். மொதல்ல மூணு வாரம் வாயைக் கட்டட்டும்."

"மீன்கூட சாப்பிடக் கூடாதா?"

"மீன் சாப்பிடலாம்மா. பேசத்தான் கூடாது. ரகசியம் பேசுற மாதிரிகூடக் கூடாது, அது இன்னும் கெடுதல்."

அப்படியாக நான் பேச்சை நிறுத்தினேன். முதல் இரண்டு நாள் ஓய்வு போல இருந்தது. அப்புறம் எரிச்சலாக வந்தது. சோறு போதும் என்பதற்குக் கையைக் காட்டினால் அம்மா இன்னும் கொஞ்சம் போட்டாள். அப்பா என்னோடு பேசுவதை அவரும் நிறுத்திவிட்டார். நான் பதில் சொல்ல முடியாதபோது தான் மட்டும் பேசுவது மரியாதை இல்லை என்று நினைத்தாராம், அம்மா பிறகு சொன்னாள். ஒரு நாள் அடையார் போக ஆட்டோக்காரரிடம் ஃபோனைக் காட்டினேன். அவர் பேசாமல் விரலைக் காட்டிக் கட்டணம் சொன்னார். காது நன்றாகக் கேட்கும் எனக்கு. வழியெல்லாம் அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது அவருக்கு அழைப்பு வந்தது. "சவாரில கீறேன் நைனா. பாவம், வாய் பேசாத பொண்ணு" என்றார். நான் வணக்கம் வைத்துவிட்டு நடந்தேன்.

என் ஃபோன் அம்மாவிடம் போய்விட்டது. மேடை நிகழ்ச்சி ஏற்பாடு செய்பவர்கள் கூப்பிட்டால் அவள்தான் எடுப்பாள். தி. நகரில் ஒரு அரங்கிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டபோது மிஷினை நிறுத்தாமலே பேசினாள்.

"அவளால பேச முடியாது. இன்னா விசயம், என்னாண்ட சொல்லு."

"ஸ்டாண்ட்-அப் ஷோ ஆன்ட்டி."

"நின்னுக்கினுதான் பேசணுமா? உக்காந்து பேசக் கூடாதா?"

அவன் ஏதோ சொன்னான்.

"எவ்ளோ நேரம்? பத்து நிமிசமா? வீட்ல என்னாண்ட அவ பத்து நிமிசம் சேந்தாப்ல பேசினதே இல்லையேப்பா."

அதைச் சொல்லிவிட்டு மிஷினை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. உண்மைதான். மேடையில் என்ன பேசுகிறேன் என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவன் என்னைப் பார்க்க வந்தான், ஆப்பிள் வாங்கிக்கொண்டு. அடுத்த வியாழன் அடையாரில் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். ஐந்து நிமிடக்காரர்களுக்கு அது பெரிய விஷயம்.

"மச்சி, அத வீணாக்காத. நான் பண்றேன். நீ சொல்ற அந்தத் துணிக்கடை பிட்டையே பண்றேன். வேணான்னா வேணான்னு சொல்லு" என்றான்.

சொல்ல முடியாது என்பது அப்புறம்தான் அவனுக்கு நினைவு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் திரும்பக் கிடைக்குமா என்ற பயமும் இருந்தது. அவன் ஃபோனை வாங்கி ‘பண்ணு’ என்று தட்டினேன்.

எங்கள் முன்னறையில்தான் ஒத்திகை. பேருந்தில் பெண்கள் பக்கத்து இருக்கை பற்றி நான் சொல்வதை அவன் வாயால் கேட்டபோது ஆபாசமாக இருந்தது, அதை எடுத்துவிட்டோம். மற்றவற்றை, துணிக்கடையில் தானே மைக்கில் வேலை பார்த்ததாக மாற்றிச் சொன்னான். என் வாக்கியங்கள் நீளமானவை, மூச்சு விடாமல் ஓடுபவை. அவனுக்கு அவை வாயில் நிற்கவில்லை. இரண்டாக வெட்டிக் கொடுத்தேன். அப்புறமும் தடுக்கினான். மூன்றாக வெட்டினேன். இன்னொருவர் வாய்க்கு எழுதுவது என்பதை அந்த அறையில்தான் கற்றேன். தப்பாகச் சொன்னால் நான் கையைத் தட்டுவேன். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த ஒரு அம்மா, நான் பாராட்டுகிறேன் என்று நினைத்துச் சேர்ந்து தட்டினார்.

வியாழக்கிழமை கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். என் நகைச்சுவையை மற்றவர்கள் கேட்கும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று நான் அதுவரை பார்த்ததில்லை. மேடை விளக்கில் எதுவும் தெரியாது. அவன் மெதுவாக ஆரம்பித்தான். ஆண்கள் எல்லா மாடியிலிருந்தும் இறங்கி வந்தார்கள், பெரிய சிரிப்பு. நானாக இருந்தால் அந்தச் சிரிப்பின் மேலேயே அடுத்த வரியைப் போட்டிருப்பேன். அவன் நின்றான். சிரிப்பு முழுக்க அடங்கும்வரை தூக்கக் கலக்கத்தோடு நின்றான். "அந்தக்கா எல்லாரையும் வரிசையா பாத்தாங்க" என்றான். மறுபடியும் நின்றான். யாரோ ஒரு பெண் முன்கூட்டியே சிரித்துவிட்டாள். "பாத்து முடிச்சிட்டு… மறுபடியும் மொதல்லேர்ந்து பாத்தாங்க."

மேசையைத் தட்டினார்கள். ஒருவர் தன் மனைவியைப் பார்த்தார், மனைவி வேறு பக்கம் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். அந்த வரி நல்ல வரிதான் என்று நான் இத்தனை நாள் நம்பியது சரி. அதை இத்தனை நாள் கெடுத்துக்கொண்டிருந்தது நான்தான் என்பதும் சரி. ஜனங்கள் சிரிப்பதை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் நான் யாருக்கும் சிரித்து முடிக்க நேரம் கொடுத்ததில்லை.

கீழே வந்து, "எப்படி மச்சி?" என்று கேட்டான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்பது அன்று வசதியாக இருந்தது.

மூன்று வாரம் முடிந்தும் குரல் உடனே திரும்பவில்லை. பேச்சுப் பயிற்சிக்குப் போகச் சொன்னார் மருத்துவர். இளநீர் குடிக்கும் குழாயைத் தண்ணீரில் விட்டு ஊதிக்கொண்டே ஒலி எழுப்புவது, ஒரே எழுத்தை நீட்டிச் சொல்வது. மாதங்கள் ஆயின. துணிக்கடை வேலைக்குத் திரும்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணாச்சியிடம் சொல்லப் போனேன். "உடம்பப் பாரு பிள்ள. உன் குரலு எங்ககிட்ட இருக்கு" என்றார். எனக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் அம்மா லைனிங் துணி வாங்க அங்கே போய்விட்டு வந்து, வாசலிலேயே நின்று சொன்னாள். "கடைக்குள்ள நீ பேசிக்கினுகீற."

வழக்கமான அறிவிப்புகளை எப்போதோ பதிவு செய்து வைத்திருந்தார்கள். "நல்லாதான் கீது. நான் கொஞ்ச நேரம் நின்னு கேட்டுட்டு வந்தேன்" என்றாள் அம்மா.

அந்த மாதங்களில் அவனுக்கு நான் நிறைய எழுதினேன். அவன் அலுவலகத்தைப் பற்றி, ஆதம்பாக்கத்துத் தண்ணீர் லாரியைப் பற்றி, அவன் அண்ணன் கல்யாணத்தைப் பற்றி. அவன் நடந்ததைச் சொல்வான், நான் வரியாக்குவேன். வரும் பணத்தில் பாதியைத் தந்துவிடுவான். அடையார் மாடியை விட்டுப் பெரிய இடங்களுக்குப் போனான். தொலைந்த கணவர் பகுதியை அவன் வீடியோவாகப் போட, அது பரவலாக ஓடியது. ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் எனக்கே அதை அனுப்பினார்கள். என்னிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் போட்டான், நானும் சரி என்றேன். அது எவ்வளவு தூரம் போகும் என்று இருவருக்கும் தெரியாது.

குரல் ஒருவழியாக வந்தது. பழைய குரல் இல்லை. கனம் குறைந்து, கொஞ்சம் கரகரப்பாக, உச்சத்துக்குப் போகாத குரல். இதுதான் இனி உங்கள் குரல் என்றார் மருத்துவர். அடையார் மாடிக்குத் திரும்பப் போனேன். முன்பு வந்தவர்களில் பாதிப் பேர் இல்லை. நிகழ்ச்சியை நடத்தியது ஒரு புதுப் பெண். மைக்கை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாக, என் துணிக்கடையைச் சொன்னேன். கணவர் காணாமல் போனதுமே முன்வரிசையில் இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வரியை நான் சொல்வதற்கு முன்னால் ஒருவன் முணுமுணுத்தான். சிரிப்பு வரவில்லை.

கீழே இறங்கியதும் அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த பிட் அவரோடதாச்சே? வீடியோல இருக்கே. இங்க அடுத்தவங்க ஜோக்க பண்ணா விடமாட்டாங்க."

"அது நான் எழுதினது" என்றேன்.

"சரிக்கா" என்றாள். சண்டை வேண்டாம் என்பதற்காகச் சொல்லும் சரி.

மறுநாள் அவன் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் அவனைப் பார்த்துச் சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது.

"வீடியோவ தூக்கிடவா?"

"வேணாம். ஏற்கெனவே எல்லாரும் பாத்தாச்சு."

"அப்ப இன்னா பண்றது மச்சி? நீயே சொல்லு. நான் வேணும்னு பண்ணல."

"தெரியும்டா. நான்தான் பண்ணுன்னு சொன்னேன்."

இருந்தாலும் அன்று கோபமாகத்தான் இருந்தேன். அவன் மேல் இல்லை, அவனைத் தவிர வேறு யாரும் எதிரில் இல்லை, அவ்வளவுதான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மாலையே வீடியோவின் கீழ் அவன் எழுதினான்: இதை எழுதியது என் தோழி, இது அவள் வாழ்க்கையில் நடந்தது. நல்ல மனசு என்று அவனைப் பாராட்டினார்கள். காதலிக்காக விட்டுக்கொடுக்கிறான் என்று சிலர் எழுதினார்கள். ஒருவர் கல்யாணம் எப்போது என்று கேட்டிருந்தார். என்னை நம்பியவர்கள் மிகச் சிலர். அவன் ஃபோன் செய்து, "இன்னொரு வாட்டி விளக்கமா போடவா?" என்றான். போடாதே என்றேன். இரண்டாவது விளக்கம் போட்டால் கல்யாணத் தேதியையும் சேர்த்துப் போடவேண்டியிருக்கும்.

சில வாரங்கள் மேடைக்குப் போகவில்லை. வீட்டில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டு யோசித்தேன். துணிக்கடை இனி அவனுடையது, அதைத் திரும்ப வாங்க முடியாது என்று முடிவுக்கு வந்தேன். வருத்தமாக இருந்தது. ஆனால் பேசாமல் இருந்த வாரங்களில் எனக்கு நடந்தவை எல்லாம் இன்னும் யாரிடமும் இல்லை. ஆட்டோக்காரர், சேர்ந்து கைதட்டிய அம்மா, பதில் மரியாதையாகப் பேச்சை நிறுத்திய அப்பா, என் சார்பாக ஃபோனில் பேசிய அம்மா. அவற்றை இந்தப் புதுக் குரலுக்கு எழுதினேன். சின்ன வாக்கியங்களாக. அம்மாவிடம் முதலில் படித்துக் காட்டினேன், அவளைப் பற்றி வருவதால். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நான் இப்டியா பேசுனேன்?"

"ஆமாம்மா."

"அந்தப் பையன் கடைசில சரி ஆன்ட்டின்னு சொன்னான். அத வுட்டுட்டியே" என்றாள். சேர்த்துக்கொண்டேன்.

புதியவை முதல் தடவை பாதிதான் எடுபட்டன. பல வியாழக்கிழமைகள் போன பிறகு உருப்பட்டன. அந்தப் புதுப் பெண் இப்போது எனக்குப் பதினைந்து நிமிடம் தருகிறாள். அவள் அன்று சொன்னதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பெரிய அரங்குகள் என் குரலுக்கு ஒத்துவராது, கூப்பிட்டாலும் மாதத்துக்கு ஓரிரண்டுதான். அவனுக்கு இன்னும் எழுதுகிறேன். ஒரே ஒரு பேச்சு: அவனுக்கு நடந்தது அவனுக்கு, எனக்கு நடந்தது எனக்கு.

அவன் மூலமாகத்தான் கோடம்பாக்கத்தில் ஒரு வேலை வந்தது. படங்களுக்கு வசனம் எழுதும் குழுவில் நானும் ஒருத்தி. கதாநாயகனுக்கெல்லாம் எழுத விடமாட்டார்கள். டீ கொண்டுவருகிறவர், பக்கத்து வீட்டுக்காரர், பேருந்தில் ஒரு வரி சொல்லிவிட்டு இறங்கிப் போகிறவர், இவர்கள் எனக்கு. யார் நடிக்கப்போகிறார் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பதால் என்னைக் கேலி செய்வார்கள். பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. படப்பிடிப்பன்று காலையில் யாரோ வந்து நிற்பார்.

என் வரி இருக்கும் முதல் படம் வெளியானபோது அவனும் நானும் பகல் காட்சிக்குப் போனோம். அடுக்குமாடிக் காவலாளியாக ஒருவர். திருட்டு நடந்துவிட்டது, போலீஸ்காரர் வந்து அவரை விசாரிக்கிறார். காட்சி வரப்போகிறது என்று அவன் கையைத் தட்டிச் சொன்னேன். போலீஸ்காரர் கேள்வி கேட்டார். காவலாளி வாயைத் திறந்த நேரம், எங்கள் பின்னால் ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தார். பிரித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிட்டது.

"மச்சி, இன்னா சொன்னான்?" என்றான் அவன்.

அவன் காதுக்கருகே குனிந்து சொன்னேன். "திருடன ஏன்யா உள்ள விட்டன்னு கேக்குறாரு. அவன் என்னாண்ட கேக்கல சார், கேட்டிருந்தா விட்டிருக்க மாட்டேன்னு சொல்றாரு."

அவன் பலமாகச் சிரித்துவிட்டான். திரையில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து, அமைதியாக இருங்கள் என்றார்.